பேகம்பூர் நிறுத்தத்தில் ஒரு நிமிடம்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அவரோடு பழைய டவுன் பஸ்ஸில் சுற்றிய கூட்டாளிகளுக்கும் இந்தத் தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதச் சொன்னால் பஸ்ஸைப் பற்றி எழுதியிருக்கிறாளே என்று யாரும் கோபிக்க வேண்டாம். இரண்டையும் பிரித்து எழுத என்னால் முடியவில்லை.

அண்ணன் பிறந்தது தொப்பம்பட்டியில். அப்பா காலமானபோது அவருக்குப் பதினான்கு வயது, நான் தவழ்கிற பிள்ளை. சில வருடங்களில் அம்மாவையும் என்னையும் திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்து பேகம்பூரில் குடிவைத்தார். வேலை சின்னாளப்பட்டியில், ஒரு சுங்குடிச் சேலைக் கடையில். இருபது வருடம் ஒரே டவுன் பஸ்ஸில் போய் வந்தார். இடம் கிடைத்தாலும் பின் படி அருகே நின்றுதான் வருவார். "நிக்கிறவங்களுக்குத்தான் நாலு பேரு முகம் தெரியும்" என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த வண்டியை உடைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. கூடப் பயணம் செய்த நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வாங்கியேவிட்டார். கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், டிரைவர் பக்கத்தில் இன்ஜின் கொதிக்கும் அந்தக் கிழட்டு வண்டியை! பைத்தியக்காரத்தனம் என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

மறுவருடம் என் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை ஒட்டன்சத்திரத்திலிருந்து தம் வண்டியில்தான் அழைத்து வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பாதி வழியில் வண்டி நின்றுபோனது. "ஏனுங்க, இது கெளம்புமுங்களா?" என்று கேட்டபடி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் மாமனாரே இறங்கித் தள்ளியிருக்கிறார். முகூர்த்தம் தப்பாமல் வந்தது தெய்வச் செயல். 'தள்ளிக் கொண்டுவந்த சம்பந்தம்' என்ற பேச்சு புகுந்த வீட்டில் பல வருடம் ஓடியது. "இனி உங்க வண்டியில காலை வைக்க மாட்டேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதத்து ஞாயிறு ஒன்றில், பழைய பயணிகள் எல்லாரும் அந்த வண்டியில் சின்னாளப்பட்டி போய்த் திரும்புவார்கள். அதற்கு அண்ணன் ஒரு முறை வைத்திருந்தார். அவரவர் பழைய நிறுத்தத்தில் நின்று கைகாட்டித்தான் ஏற வேண்டும். சொந்த வண்டிதான், ஆனாலும் அவரும் பேகம்பூரில் நின்று கைகாட்டுவார். ஏறிய பிறகுதான் விசிலைக் கையில் எடுப்பார்; அன்றைக்குக் கண்டக்டரும் அவர்தான். ஏற வேண்டியவர் ஊரில் இல்லாவிட்டாலும், காலமாகியே போயிருந்தாலும், அவருடைய நிறுத்தத்தில் வண்டி ஒரு நிமிடம் நிற்கும். டிரைவர் ராசு அண்ணன் அவசரப்பட்டால், "செத்த பொறுப்பா, ஓடி வந்துக்கிட்டு இருப்பாக" என்பார் என் அண்ணன்.

கல்யாணமாகி நான் குடியிருந்தது சின்னாளப்பட்டியில், நிறுத்தத்துக்கு எதிர் வீடு. பன்னிரண்டு வருடம் அந்த வண்டி எனக்காகவும் ஒரு நிமிடம் நின்றது. அண்ணன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நானும் வீம்புக்கு ஜன்னலுக்குப் பின்னாலேயே நின்றேன். எம்புட்டு நெஞ்சழுத்தம் எனக்கு!

போன வருடம் அவருக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. இனி அதிக நாள் இல்லை என்று அண்ணி அழுதுகொண்டே சொன்னார். அந்தத் தையில் நான் நிறுத்தத்தில் போய் நின்று கையைக் காட்டினேன். வண்டி நின்றது. அண்ணன் யாரோ எவரோ போலக் கேட்டார்.

"எங்கம்மா போகணும்?"

"பேகம்பூர்."

"அங்க யாரு இருக்கா?"

"எங்கண்ணன் இருக்காரு."

அவர் கண் கலங்கிவிட்டது. "வண்டி வழியில நிண்டா இறங்கித் தள்ளணும், சம்மதமா?" என்றார்.

"தள்ளுறேன். முதல்ல ஏற விடுங்கண்ணே" என்றேன்.

அன்றைக்குத்தான் அண்ணன் அந்த வண்டியில் உட்கார்ந்து நான் பார்த்தேன். என் பக்கத்திலேயே பேகம்பூர் வரை உட்கார்ந்து வந்தார். இரண்டே மாதத்தில் போய்விட்டார்.

கடைசி நாட்களில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், வண்டியை இன்னும் உயிரோடு வைத்திருக்கும் ராசு அண்ணனுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அன்று வண்டி தள்ளிய என் மாமனாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

துக்க வருடம் என்று இந்தத் தையில் வண்டியை எடுக்கவில்லை; வரும் தையில் புறப்படும். விசில் இப்போது என்னிடம் இருக்கிறது. பேகம்பூரில் வழக்கம்போல ஒரு நிமிடம் நிற்போம், யாரும் அவசரப்படுத்த வேண்டாம். நிமிடம் முடிந்ததும் விசில் ஊத வேண்டியவள் நான். எனக்கு ஊத வராவிட்டால், உங்களில் யாராவது "போலாம், ரைட்" என்று சொல்லிவிடுங்கள்.