அவள் முறை

போன வருஷம் தை மாதம், காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டில் சாந்திக் கல்யாணம். அறுபதாம் கல்யாணத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அன்று மாலைக் கச்சேரிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். என்னை என்று சொல்வது தப்பு. எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் என்னோடு ஜோடியாக வயலின் வாசிக்கிற அவள், ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை.

நான் ஒரு இசைக் கல்லூரியில் வயலின் பேராசிரியை. அவளும் அதே துறைதான். ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம், ஒன்றாகவே மேடை ஏறினோம். சென்னைப் பெரிய சபாக்காரர்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. போகட்டும். வீட்டு விசேஷம், கோயில், மடம் என்று நூறு பேர் உட்காரும் இடங்களில் வாசித்தே எங்கள் காலம் போனது. மைக் இல்லாவிட்டாலும் கவலைப்பட மாட்டோம். அப்படிப்பட்ட சின்ன இடத்தில்தான் ஒருத்தி மூச்சு விடுவது இன்னொருத்திக்குக் கேட்கும்.

அவள் போன பிறகு எனக்கு எல்லார் மேலும் கோபம். 'காலம்தான் ஆற்றணும்' என்று சொன்னவர்களை அறையலாம் போல இருந்தது. அவளுக்குச் செய்யும் காரியம் முடிவதற்கு முன்பே கல்லூரியில் அவள் அறை யாருக்கு என்று பேச்சு வந்துவிட்டது. இரட்டை வயலின் வகுப்பை இனி எடுக்க மாட்டேன் என்று முதல்வரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னேன். மேடையும் இந்தக் கச்சேரியோடு போதும், அதற்கப்புறம் வயலினைப் பெட்டியில் பூட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவள் இருந்தபோதே ஒப்புக்கொண்ட கச்சேரி என்பதால் மட்டும் போனேன்.

வாசலிலேயே வீட்டு ஆச்சி பிடித்துக்கொண்டார். அவருக்கும் அவர் கணவருக்கும்தான் விசேஷம்.

"ரெண்டு பேருன்னுதான பத்திரிகைல போட்டிருக்கு. கூட வேற யாரையாச்சும் கூட்டியாந்திருக்கலாமுல்ல?"

"வேற யாரும் இல்ல ஆச்சி."

அவர் என்னை ஓரமாக இழுத்துப்போனார். "கோவிச்சுக்கிறாதீக. நல்ல காரியம் நடக்கிற வீடு. மேடையில அவுகளப் பத்தி எதுவும் பேசிப்பிடாதீக. எங்க ஆத்தா, அப்பச்சி பக்கத்து ஆளுகளெல்லாம் வந்திருக்காக."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியே திரும்பிப் போயிருப்பேன். ஆனாலும் மங்கல காரியத்தில் சாவுப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்தானே. "பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

வளவு என்கிற உள்கூடத்தில், முற்றத்தை ஒட்டி மேடை போட்டிருந்தார்கள். நான் எப்போதும்போல இடது ஓரத்தில் உட்கார்ந்தேன். வலப்பக்கம் ஒரு ஆள் இடம் காலி. வீடியோக்காரர், "மேடம், நடுவுல வாங்க, ஃபிரேம் ஒரு பக்கமா இழுக்குது" என்றார். "இழுத்தா இழுக்கட்டும்" என்றேன்.

அந்தக் காலி இடத்துக்கு அந்தப் பக்கம் மிருதங்கக்காரர். எங்களுக்கு வழக்கமாக வாசிக்கிறவர் வரவில்லை, சிவகங்கையிலிருந்து இவர் வந்திருந்தார். அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என்னைவிடச் சின்னவர். வெற்றிலை போட்டுக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் வாசிச்சத ரேடியோவுல நெறையக் கேட்டிருக்கேன் டீச்சர்" என்றார். "ஸ்வரத்துல நான் நிறுத்த மாட்டேன். தொடர்ந்து நானே வாசிச்சு முடிச்சிருவேன். நீளமா இழுக்க வேணாம்" என்றேன். தலையை ஆட்டினார்.

முதல் பாட்டுகள் ஒரு மாதிரி ஓடின. கை வாசித்தது, நான் வாசிக்கவில்லை. பின்கட்டில் சாப்பாட்டுப் பந்தியின் சத்தம், முன்னால் செல்போன் சத்தம். எனக்கு அதுவே வசதியாக இருந்தது.

பிறகு கல்யாணி. ராகம் வாசித்து, பாட்டு வாசித்து, ஸ்வரத்துக்கு வந்தேன். இரட்டை வயலினில் ஸ்வரம் என்பது பேச்சு மாதிரி. நான் ஒரு சுற்று வாசித்துப் பாட்டின் வரியில் கொண்டுபோய்விடுவேன், அவள் அங்கே எடுத்து ஒரு சுற்று பதில் சொல்வாள். முதல் இரண்டு சுற்றைச் சொன்னபடி நானே தொடர்ந்து வாசித்தேன். மூன்றாவது சுற்றில் கை சூடேறிவிட்டது. அவள் இருந்தால் சிரிக்கிற மாதிரி ஒரு ஸ்வரப் பிடி வந்து விழுந்தது. வரியைத் தொட்டேன். வில்லைத் தூக்கினேன். வலப்பக்கம் திரும்பினேன்.

வெறும் பாய்.

இத்தனை வருஷப் பழக்கம். என்ன செய்தேன் என்று அப்புறம்தான் புரிந்தது. வில் தொடையில் கிடந்தது. நூறு பேர் பார்க்கிறார்கள். பின்னால் யாரோ, "ஏப்பா, லைன் கட்டாயிருச்சா? மைக்கப் பாரு" என்றார்.

பாடுகிறவரோ வாசிக்கிறவரோ நின்றுபோனால் மிருதங்கக்காரர் சும்மா இருக்க மாட்டார். உரக்க வாசித்து இடத்தை நிரப்பி மானத்தைக் காப்பாற்றுவார். இவர் அப்படிச் செய்யவில்லை. சத்தத்தைக் குறைத்தார். அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு, அங்கே ஒருத்தி வாசித்துக்கொண்டிருந்தால் எப்படித் தொடர்வாரோ அப்படித் தொடர்ந்தார். நடுநடுவே விட்டுக் கேட்டார். ஓரிடத்தில் 'ஆகா' என்பது போலத் தலையசைத்தார். சுற்று முடிகிற இடத்தில் முத்தாய்ப்பாகச் சின்னதாக ஒரு தீர்மானம் வைத்து வரியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, என்னைப் பார்த்தார்.

என் முறை. வில்லை எடுத்தேன்.

அடுத்த சுற்றின் முடிவில் நான் மறந்து நிறுத்தவில்லை. தெரிந்தே நிறுத்தினேன். அவரும் தெரிந்தே வாசித்தார். சுற்றுகளின் நீளம் குறையக் குறைய நான் கொஞ்சம், வெறும் பாய் கொஞ்சம் என்று மாறி மாறிப் போனது. பந்திச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியாது. அறுபது ஆன மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், காலி இடத்துக்கும் சேர்த்து.

முடிந்ததும் ஆச்சி நேராக என்னிடம் வந்தார். நான் சண்டைக்குத் தயாராக எழுந்தேன்.

"பேசக் கூடாதுன்னுதான் நான் சொன்னேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. "நீங்க ஒரு வார்த்தையும் பேசலையே. இருந்து சாப்பிட்டுத்தான் போகணும், ஆமா."

பந்திக்குப் போகும் வழியில் மிருதங்கக்காரர் உறையை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். "அவ்வளவு இடம் கிடைச்சுதே, உங்க கைவரிசையக் காட்டியிருக்கலாமே. ஏன் காட்டல?" என்று கேட்டேன். நன்றி சொல்ல எனக்கு வரவில்லை, அப்படித்தான் கேட்க வந்தது.

"எனக்கா கெடச்சுச்சு? அது அவுக முறையாச்சே டீச்சர், அதுல நான் எப்புடிக் கை வைக்கிறது?" என்றவர், உடனே சிரித்துவிட்டார். "ஆனா நீங்க திரும்பி மொறச்சீக பாருங்க, என்னையத்தான் திட்டப் போறீகளோன்னு பயந்துபோனேன்."

அவள் இறந்த பிறகு நான் முதல் தடவை அழுதது அங்கே, பந்தி வாசலில், கையில் வயலின் பெட்டியோடு.

வயலினைப் பூட்டவில்லை. இரட்டை வயலின் வகுப்பை நானே எடுக்கிறேன். என் கோபம் ஒன்றும் குறையவில்லை, பிள்ளைகள் இப்போதும் என்னிடம் திட்டு வாங்குகிறார்கள். யாராவது அடுத்தவள் முடிப்பதற்குள் வில்லைப் போட்டால் அதிகமாக வாங்குகிறார்கள். போய்விட்டவர்களுக்கு நாம் செய்யக்கூடியது பெரிதாக எதுவும் இல்லை. அவர்கள் முறை வரும்போது அதை வேறு எதையாவது போட்டு நிரப்பாமல், தாளம் தப்பாமல் காத்திருக்கலாம் என்பதை மட்டும் அன்று தெரிந்துகொண்டேன்.