வேலுச்சாமி அண்ணன் பாக்க வந்த பேஷண்ட்

வேலுச்சாமி அண்ணன் போய்ட்டாருங்க.

காலைல எங்க பழைய கம்பெனி வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருந்தாங்க. சோறு வடிக்க வெச்சுட்டு ஃபோனைப் பாத்தவ... அப்படியே உக்காந்துட்டேன்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கணபதி ஏரியாவுல நான் காயில் சுத்தற வேலை பாத்த மோட்டார் கம்பெனில டைம் ஆபீஸ் அவருதான். அட்டெண்டன்ஸ், லீவு, அட்வான்ஸ்... எல்லாமே அவரைத் தாண்டித்தான் போகணும்.

எட்டு மணின்னா எட்டு மணி. எட்டு ரெண்டுக்குப் போனா, "ஏனுங் அம்மணி, ஊட்ல கடியாரம் நின்னு போச்சுங்களா?"ம்பாரு. மரியாதைக்கு ஒரு கொறச்சலும் இருக்காது. அரை நாள் சம்பளமும் இருக்காது.

நாங்க பொண்ணுங்கெல்லாம் அவருக்கு வெச்ச பட்டப்பேரை இங்க எழுத முடியாது.

தொண்ணூத்தி மூணுல நடந்தது இது. எங்க ஊட்ல நான், அம்மா, ஜானி. ஜானி எட்டு மாச நாட்டு நாய்.

ஒரு ஞாயித்துக்கிழமை திடீர்னு வாந்தி. சாயங்காலம் பேதில ரத்தம். திங்கக்கிழமை காலைல எந்திரிக்கவே முடியல. சாக்குல சுத்தி சைக்கிள் கேரியர்ல வெச்சு, ஒரு கையில புடிச்சுட்டே மாட்டாஸ்பத்திரிக்குத் தள்ளிட்டுப் போனேன்.

டாக்டர் "பார்வோ"ன்னாரு, நாயோட குடலைத் தாக்கற வைரஸாம். அஞ்சு நாள் டிரிப் ஏத்தணும், தாண்டிட்டா பொழச்சுக்கும்னாரு. வைத்தியம் இலவசம்... பாட்டில், ஊசி மருந்தெல்லாம் வெளில வாங்கணும். கையில இருந்தது ரெண்டு நாளைக்குத்தான் வரும்.

"மாட்டுக்குன்னாலும் பரவால்ல கண்ணு... நாய்க்குப் போயி இத்தனை செலவு பண்ணுனா ஊரே சிரிக்கும்"னு அம்மா சொல்லுச்சு.

சிரிச்சாச் சிரிக்கட்டும்னேன். அஞ்சு நாள்னு சொல்லிருக்காங்க, அஞ்சு நாளும் ஏத்தியே தீருவேன்.

ஆனா நாய்க்கு ஒடம்பு சரியில்லைன்னா எந்தக் கம்பெனில லீவு தருவாங்க? அட்வான்ஸ் தருவாங்க? அன்னைக்கே கம்பெனிக்குப் போயி லெட்டர் எழுதிக் குடுத்தேன். 'என் தம்பிக்கு உடல்நிலை மிகவும் மோசமாக இருப்பதால்...'

அண்ணன் ரெண்டு தடவை படிச்சாரு. "தம்பிக்கு என்னங் அம்மணி?"

"வாந்தி பேதிங்ணா. குளுக்கோஸ் ஏத்தறாங்ணா." அதுல ஒண்ணும் பொய் இல்ல பாருங்க... தம்பிங்கறதைத் தவிர.

லெட்டரை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. கேட்டுச் சொல்றேன்னு மட்டும் சொன்னாரு.

மறுநாள் சாயங்காலம். டாக்டர் ஜானி கால்ல குத்தின ஊசியை எடுக்காம பிளாஸ்திரி போட்டு விட்டிருந்தாரு, ரெண்டாவது பாட்டிலை ஊட்லயே ஏத்திக்கச் சொல்லி. அது ஏறிட்டிருக்கு. அதோட வாங்கி வெச்ச மருந்து தீந்துச்சு... வாசல்ல பாத்தா அண்ணன் நிக்கறாரு.

கையில ஒரு ரொட்டிப் பாக்கெட்டு, நாலு ஆரஞ்சு.

வேலை போச்சு, அட்வான்ஸ் போச்சு, நாளைக்கு ஜானிக்கு என்ன பண்றது... இதுதான் மனசுக்குள்ள.

காலண்டர் ஆணியில தொங்கற பாட்டிலைப் பாத்தாரு. அப்படியே டியூப் வழியா கீழ பாத்தாரு. அம்மாவோட பழைய சேலை மேல ஜானி படுத்திருக்கு.

செருப்பைக் கழட்டிட்டு வந்து அது பக்கத்துல உக்காந்தாரு. அது காலை இழுத்துச்சு... ஊசி பிச்சுக்காம இருக்க அந்தக் காலைப் புடிச்சுக்கிட்டாரு. அது அவரோட வெள்ளைச் சட்டைக் கையிலயே வாந்தி எடுத்து வெச்சுது.

"சோப்புப் போட்டாப் போயிருமுங்க"ன்னாரு.

நான் அழுதுட்டேன். மன்னிச்சுக்கங்ணா, பொய் சொல்லிப் போட்டேன்னு சொன்னேன்.

"அது நேத்தே தெரியுமுங் அம்மணி. உங்க ஈ.எஸ்.ஐ. ஃபாரத்தை எழுதினதே நானுங்க. அதுல குடும்பம்ங்கற எடத்துல அம்மா பேரு ஒண்ணுதான இருக்குது?"

அப்புறம் எதுக்குங்ணா ரொட்டி, ஆரஞ்செல்லாம்?

"உங்க கண்ணு ரெண்டும் அப்படி வீங்கியிருந்துச்சுங்க. யாரோ படுத்திருக்காங்கன்னு தெரிஞ்சுது. பாக்க வாரப்ப வெறுங்கைய வீசிட்டு வர முடியுங்களா?"

என் லெட்டரைப் பையிலிருந்து எடுத்தாரு. மேனேஜர்கிட்ட அதைக் குடுக்கவே இல்ல.

"பொய் எழுதின காயிதம் என்ர ஃபைல்ல இருக்கக் கூடாதுங்க. மாத்தி எழுதிக் குடுங்க." அவரு சொல்லச் சொல்ல எழுதினேன். 'வீட்டில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாததால்...'

புதன்கிழமை காலைலயே அட்வான்ஸ் கைக்கு வந்துருச்சு. அஞ்சு நாளும் ஏத்தினேன். ஆறாவது நாள் ஜானி கஞ்சித் தண்ணியை நக்குச்சு. அம்மாதான் மொதல்ல அழுதுச்சு.

திங்கக்கிழமை வேலைக்கு எட்டு மூணுக்குப் போனேன்.

"தம்பி தேவலைங்களா?"ன்னாரு. தேவலைங்ணான்னேன். நல்லதுங்கன்னு சொல்லிட்டு அரை நாளைப் புடிச்சுப் போட்டாரு.

அப்புறம் கேட்ல பாக்கறப்பெல்லாம் எல்லாரு முன்னாடியும் கேப்பாரு. "தம்பி எப்படி இருக்காருங்க?" கூட வேலை பாத்த செல்வி அதைக் கேட்டுக் கேட்டு, அவ தங்கச்சி ஜாதகத்தையே கொண்டாந்துட்டா.

தொண்ணூத்தி எட்டுல கம்பெனி மூடிட்டாங்க. அண்ணன் அன்னூருக்குப் போய்ட்டாரு. ஃபோன் பண்ணணும், பண்ணணும்னு... பண்ணவே இல்ல. என் மேலயே கோவமா வருது.

இப்ப அன்னூர் பஸ்ல உக்காந்துதான் இதை எழுதறேன். மூணு மணிக்கு எடுக்கறாங்களாம். ஒரு மணிக்கே போயிருவேன். இன்னைக்கு லேட் ஆகாது.

தம்பி பதிமூணு வருசம் இருந்தாருங்ணா. நல்லா இருந்தாரு.

போய்ட்டு வாங்ணா...