அவன் கையில் இருந்த ஃபைல்

எங்கள் ஆபீஸ் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு முதலாளி, அவனும் நானும். வேலையாள் என்று யாரும் கிடையாது. காய்கறி மண்டிகளுக்குக் கணக்குப் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். தொண்ணூறுகளில் காலேஜில் ஆரம்பித்த சிநேகம், இரண்டாயிரத்துக்குப் பிறகு தொழிலாகியிருந்தது.

இரண்டு பேர் ஒரே புரோகிராமில் கை வைத்தால் ஒருவன் எழுதியதை இன்னொருவன் அழித்துவிடுவான். அதைத் தடுக்க ஒரு மென்பொருள் வைத்திருந்தோம். ஃபைலைத் திருத்த வேண்டுமானால் அதிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தவன் பெயர் அதன்மேல் விழும். அவன் திருப்பி வைக்கும்வரை மற்றவன் படிக்கலாம், தொட முடியாது. பழைய பிரதிகளையும் அதுவே பத்திரமாக வைத்திருக்கும். எல்லாம் நாங்கள் புரோகிராம் எழுதும் எடிட்டரின் மெனுவுக்குள்ளேயே நடந்ததால், அந்த மென்பொருளுக்கென்று தனி ஜன்னல் உண்டா என்று நாங்கள் தேடியதே இல்லை. "ஃபைல் யாரு கையில?" என்று கேட்டால், "என் கையில மாப்ள, செத்த நேரம் பொறு" என்பான். இரண்டே பேர் இருக்கும் அறையில் இந்தக் கேள்வியே வேடிக்கைதான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூலிக் கணக்கு ஃபைலில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவன், "பாதியில நிக்குது மாப்ள, திங்கக்கிழமை முடிச்சுர்றேன்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான். வீடு அகரத்தில். தாடிக்கொம்பு ரோட்டில் லாரி மோதிவிட்டது. அதெல்லாம் சாகிற வயசா? யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ரோட்டைத் திட்டினேன், அன்றைக்குப் பெய்த மழையைத் திட்டினேன், அவனையும் திட்டினேன்.

பத்து நாள் போல ஆபீஸ் பக்கமே போகவில்லை. திறந்த அன்றைக்கே ஒட்டன்சத்திரத்திலிருந்து மண்டிக்காரர் போன் செய்தார்.

"ஏனுங்க, மூட்டைக் கூலிய மாத்தித் தாரேன்னு சொன்னாருங்களே. அவர்கிட்டக் கொஞ்சம் குடுங்க."

அவன் இல்லை என்றேன். எங்கே போயிருக்கிறார் என்று கேட்டார். சொல்ல வேண்டியதாயிற்று. "அவசரமில்லைங்க. நீங்க மாத்தித் தார வரைக்கும் நாங்க கையில எழுதிக்கிறோமுங்க" என்று வைத்துவிட்டார்.

எடிட்டரைத் திறந்தேன். கூலிக் கணக்கு அவன் பெயரிலேயே இருந்தது. என் எடிட்டரில் நான் எடுத்ததை மட்டும்தான் நான் திருப்பி வைக்க முடியும். அவன் கம்ப்யூட்டரைப் போட்டால் பாஸ்வேர்டு கேட்டது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை.

சாயங்காலம் அகரத்துக்குப் போனேன். இறந்தவர் இரவல் வாங்கியதை எல்லாம் பதினாறாம் நாள் காரியத்துக்குள் உரியவர்களிடம் சேர்த்துவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அடுத்தவர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு போகக் கூடாதாம். அவன் தம்பி யாருடைய டிரில்லிங் மிஷினையோ துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினான். உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

"ஆபீசுல அவரு கையில ஏதாச்சும் இருக்காண்ணே?"

"ஒரு ஃபைல் இருக்கும்மா."

"அவரு பேருலயா?"

"ஆமா."

"அப்ப அதையும் கொடுத்துருங்கண்ணே. அது ஒண்ணு எதுக்கு அவருக்குப் பாரம்?"

மறுநாள் எடிட்டரை மூடிவிட்டு ஸ்டார்ட் மெனுவை ஒவ்வொன்றாகத் துழாவினேன். எடிட்டரை ஏற்றிய நாளிலேயே கூட வந்து, ஒரு மூலையில் கிடந்திருக்கிறது அந்தத் தனி ஜன்னல். அட்மின் என்று பெயர் கொடுத்தேன், உள்ளே விட்டுவிட்டது. பாஸ்வேர்டு வைத்தால்தானே கேட்கும்? நாங்கள்தான் அந்தப் பக்கமே வந்ததில்லையே.

எடிட்டரில் அன்றன்றைய வேலையைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே எங்கள் மொத்த வருஷங்களும் வரிசையாக இருந்தன. எந்த ஃபைலை யார் எடுத்தோம், எப்போது வைத்தோம். அவன் பெயர், என் பெயர், அவன் பெயர், என் பெயர். முகம் கொடுத்துப் பேசாத வாரங்களில்கூட மாறி மாறித்தான் இருந்தோம். கடைசிவரை இழுத்துப் பார்த்துவிட்டு அழுதேன்.

அவனிடமிருந்து ஃபைலை விடுவிக்கும் கட்டளையும் அதில் இருந்தது. அழுத்தியதும், அவன் செய்து வைத்த மாற்றங்கள் போய்விடும், பரவாயில்லையா என்று கேட்டது. பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? கீழே போய் டீ குடித்தேன். திரும்பி வந்தேன். கேள்வி அப்படியே நின்றது. அழுத்திவிட்டேன். அவன் பெயர் போயிற்று. ஃபைலை நான் எடுத்ததும் அதே இடத்தில் என் பெயர் வந்து உட்கார்ந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவன் பாதியில் விட்ட கணக்கை முதலிலிருந்து எழுதி முடித்து மண்டிக்கு அனுப்பினேன்.

காரியத்தன்று சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது அதைத்தான்.

"கொடுத்தாச்சாண்ணே?"

"கொடுத்தாச்சும்மா."

"இனிமே அவரு யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லைல்ல?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்கு அவன் வேண்டும். அதை அவளிடம் போய் எப்படிக் கேட்பேன்?