தனியாக வாருங்கள் என்று எழுத முடியாத கடிதம்

இரத்த வங்கியில் நான் ஆலோசகர்; என் வேலை பேசுவது. பேச நான் எங்கும் போய்ப் படிக்கவில்லை. இரத்தம் கொடுக்க வந்தவர்களிடமே கற்றுக்கொண்டேன். "ஊசிக்குப் பயமில்லபா, நீ கேக்குற கேள்விக்குத்தான் பயம்" என்று ஒருவர் சொன்னதை இன்னும் மனதில் வைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட என் வாயையே ஒரு கடிதம் அடைத்தது. இரத்த தான முகாமில் எடுத்த இரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கலாம் என்று முதல் சோதனை காட்டினால், கொடுத்தவரை வரவழைத்து, தனியாகச் சொல்லி, மறுசோதனை செய்ய வேண்டும். கடிதத்தில் காரணம் எழுதக் கூடாது. சரிதான், நெசவாளர்கள் நெருங்கி வாழும் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பத்துத் தறிக்காரர்களாவது படிப்பார்கள். அதனால் அச்சடித்த வாசகம் இவ்வளவுதான்: 'தாங்கள் இரத்த தானம் செய்தமைக்கு நன்றி. நேரில் வரவும்.'

அப்படி ஒரு கடிதம் கிடைத்து அங்கிருந்து ஒரு நெசவாளர் வந்தார். கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டி. கூடவே மனைவி, மச்சான், தெருக்காரர்கள் இரண்டு பேர். பாராட்டுப் பத்திரம் தரப்போகிறோம் என்று தெருவே முடிவு செய்திருந்தது. அவரை மட்டும் உள்ளே அழைத்தேன். "எங்களுக்குத் தெரியாம உனக்கு மட்டும் என்னா மாமா பரிசு?" என்று சிரித்தபடி மச்சானும் வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் வெளியே இருங்கள் என்றேன். மச்சானின் முகம் மாறியது. அதைப் பார்த்த நெசவாளர் எழுந்துவிட்டார். தறியில் பாவு ஏற்ற வேண்டும், அப்புறம் வருகிறேன் என்று போனவர் வரவேயில்லை.

அடுத்த கடிதத்தில் 'தனியாக வரவும்' என்று சேர்க்கச் சொல்லி அதிகாரியிடம் கெஞ்சினேன். அதைப் படித்தால் தெரு வேறு மாதிரி பேசும் என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான், அதுதான் எனக்கு எரிச்சல். அதே நன்றி மறுபடியும் தபாலில் போனது.

இந்த முறை மனைவி மட்டும் வந்தார், கைக்குழந்தையோடு. என்ன விஷயம் என்று கேட்டார். உங்கள் கணவரிடம்தான் சொல்ல முடியும் என்றேன். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நல்ல சேதின்னா இந்நேரம் சொல்லிருப்பீங்க," என்றார் அந்த அம்மா. "நாளைக்கு அவர அனுப்புறேன். கூட யாரும் வர மாட்டாங்க."

மறுநாள் காலை நெசவாளர் தனியாக வந்து, கதவையும் அவரே சாத்தினார். ஒரு மாதம் முன்பே சொல்லியிருக்க வேண்டியதை அன்றைக்குத்தான் சொன்னேன்.