குச்சிக் காளான்

கீமோ கொடுக்க ஆரம்பித்த பிறகு என் மனைவிக்கு நாக்கில் ருசி போய்விட்டது. ரசம், மோர், மாங்காய் ஊறுகாய், எது கொடுத்தாலும் "தகரத்தை நக்கற மாதிரி இருக்குங்க" என்பாள். ஒரு சாயங்காலம் தானாகவே கேட்டாள்.

"அந்தக் குச்சி இங்க எங்கயாவது கெடைக்குமா?"

கல்யாணமான புதிதில் எனக்கு இமாசலத்தில் வேலை. பனி உருகியதும் தேவதாரு மரங்களுக்கு அடியில், உதிர்ந்து கிடக்கும் ஊசியிலைகளுக்கு நடுவே, அபூர்வமாக ஒன்றிரண்டு முளைக்கும் காட்டுக் காளான் அது. தேனடை போலப் பொந்து பொந்தாக இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் அதைக் குச்சி என்பார்கள். பக்கத்து வீட்டு அம்மாளோடு காட்டுக்குள் போய், பகல் முழுக்கத் தேடி, புடவைத் தலைப்பில் ஒரு கைப்பிடி முடிந்துகொண்டு வருவாள். புதையல் எடுத்தவள் மாதிரி முகம் இருக்கும்.

தி.நகரில் கடை கடையாகக் கேட்டேன். ஒரு கடைக்காரர், "குச்சியா? இன்னா சார், ஊதுபத்திக் குச்சியா? பட்டன் காளான் கீது, எத்துனு போ சார்" என்றார். மந்தைவெளி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்தது அதுதான் கடைசி.

கடைசியில் அந்தப் பழைய பக்கத்து வீட்டு அம்மாளுக்கே போன் செய்தேன். காயவைத்த காளானைக் கூரியரில் அனுப்பினார். வெந்நீரில் ஊறவைத்து, மண் போக அலசி, நெய்யில் சீரகம் போட்டு நன்றாக வதக்கி, சோற்றோடு கிளறினேன். வீடே மணத்தது.

இரண்டு வாய் மென்றாள். தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஒண்ணுமே தெரியலைங்க. நீங்க சாப்ட்டு, எப்பிடி இருக்குன்னு சொல்லுங்க."

சாப்பிட்டேன். "மழை பேஞ்ச மண்ணு மாதிரி இருக்கு. கொஞ்சம் புகை வாசனை. மெல்ல மெல்லக் கறி மாதிரி..."

கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னும் சொல்லுங்க."

தட்டு காலியாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்த மாதமே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, விஷயம் தெரியாமல் அந்த அம்மாள் போன் செய்தார். "என் பொண்ணு ஆசையா சாப்பிட்டாளா?" என்று இந்தியில் கேட்டார்.

"சாப்பிட்டாள்" என்றேன்.

"அடுத்த வருஷமும் அவளுக்கு எடுத்து வைக்கிறேன்."

"சரிம்மா" என்றேன்.