மூன்றாம் அறை லைன்

பேய்க் கதை என்றாலே நள்ளிரவு, மழை, கரண்ட் கட் என்று ஆரம்பிப்பார்கள். மன்னிக்கவும், இது பட்டப்பகலில் நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் 2.35க்கு நான் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தேன். தலைக்கு மேல் வரிசையாக ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான்... அன்று வரை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிகளுக்குள் ஆட்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்ள ஒரு சாட் மென்பொருள் இருக்கும் இல்லையா, அதை விற்கும் நிறுவனத்தில் நான் பழுது பார்ப்பவன். மெசேஜ் போகவில்லை, லைன் கட் ஆகிறது என்று யார் அலறினாலும் என் தலையில்தான் விழும். ஆபீசில் எனக்குப் பட்டப்பெயர் 'ரெண்டு நிமிஷம்'. எதைச் சொன்னாலும் "ரெண்டு நிமிஷ வேலை" என்பேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று போனது ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு. உறைய வைத்த பட்டாணி, இறைச்சி எல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கும் இடம். நான்கு பெரிய அறைகள். உள்ளே மைனஸ் இருபது டிகிரி. ஒவ்வொரு அறையின் வாசலிலும் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கிளார்க். எந்த லாரிக்கு எத்தனை பெட்டி என்ற ஆர்டர் சாட்டில் வரும். மூன்றாம் அறையின் லைன் மட்டும் இரண்டு வாரமாகக் கட் ஆகிக்கொண்டே இருக்கிறதாம்.

அந்த மேஜையில் இருந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா. ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர். என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னைக்காவது சரியாயிடுமா சார்? லைன் கட்டாகி ரெண்டு ஆர்டர் எனக்கு வரவே இல்ல. லாரி காலியா நின்னுச்சு. நான் தூங்கிட்டேங்கிறாரு மேனேஜர். அஞ்சு மணிக்குள்ள சரியாகலைன்னா நாளைலேர்ந்து வர வேணாம்னுட்டாரு."

"ரெண்டு நிமிஷ வேலைக்கா."

"எங்க வீட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான் தம்பி. பாத்துப் பண்ணுங்க."

சாராக இருந்த நான் அதற்குள் தம்பியாகிவிட்டேன். எனக்கும் அவரைப் பிடித்துப் போயிற்று. கேபிளை மாற்றினேன். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். லைன் அசையாமல் நின்றது. கட்டாகும் என்று பார்த்தால் கட்டாகவே இல்லை. இந்த மாதிரி நேரத்தில் எனக்கு எரிச்சல்தான் வரும். "எங்கக்கா கட்டாகுது?" என்று கேட்டேன்.

"மூணு மணிக்கு மேலதான். தினமும்."

மணி 3.11.

டொய்ங்.

திரையில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்தது. சில நொடிகளில், டிங், தானாகவே திரும்ப வந்தது. மறுபடி டொய்ங். மறுபடி டிங். என் லேப்டாப்பைத் திறந்து பதிவுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே காரணம் எழுதியிருந்தது. வேறொரு கருவி உள்ளே வந்ததால் துண்டிக்கப்பட்டது.

அட, இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது. விஷயம் இதுதான். ஒரு அறைக்கு ஒரே கணக்கு. மேஜையில் உள்ள கம்ப்யூட்டருக்கும் அறைக்குள் எடுத்துப் போகும் ஸ்கேனருக்கும் அதே கணக்கு. ஸ்கேனர் என்பது பெட்டியின் லேபிளைப் படிக்கும் கருவி, தடித்த செல்போன் மாதிரி இருக்கும், சாட்டும் அதில் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் இணைப்பில் இருக்க முடியும். ஸ்கேனர் உள்ளே வந்தால் மேஜை வெளியே. மேஜை முந்திக்கொண்டால் ஸ்கேனர் வெளியே. நாற்காலி ஒன்று, ஆள் இரண்டு.

"உள்ள எவனோ ஸ்கேனரை நோண்டிட்டிருக்கான்கா. அவனை நிறுத்தச் சொல்லுங்க, போதும்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இங்க ஸ்கேனரே கிடையாதே தம்பி. நான் சேர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் எடுத்துட்டாங்களாம். இப்ப பேப்பர்ல எழுதுறதுதான்."

"அப்ப யாரோ பழசை எடுத்து விளையாடுறாங்க."

கருவியின் விவரத்தைத் திறந்தேன். சிக்னல் மூன்றாம் அறைக்குள் இருக்கும் வைஃபை பெட்டியிலிருந்து வந்தது. முழு சிக்னல். பேட்டரி ஒன்பது சதவீதம். கருவியின் வெப்பநிலை மைனஸ் இருபது. இப்படி ஜில்லிட்டுப் போன கருவி வேலையே செய்யாது.

3.24க்கு அறைக்குள் போனேன். லேப்டாப் கையில். அக்கா கனமான கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். மூச்சு புகையாக வந்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் பின்னால் பார்த்தேன். பெட்டிகள். பனி. வேறு எதுவும் இல்லை. யாரும் இல்லை.

வெளியே மேஜையிலிருந்து சத்தம் கேட்டது. டொய்ங்.

நான் அறையின் நடுவில் நிற்கிறேன். கருவியும் இங்கேதான் இருக்கிறது என்கிறது லேப்டாப். பேட்டரி எட்டு சதவீதம்.

வெளியே வந்தேன். நடந்துதான் வந்தேன், ஆனால் கொஞ்சம் வேகமாக.

பிறகு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் மற்ற மூன்று அறைகளையும், மாடியில் இருக்கும் சர்வரையும் குடைந்தேன். எல்லாம் சுத்தம். 4.28க்கு அக்காவின் மேஜைக்கே திரும்பி வந்து, என் லேப்டாப்பிலிருந்து அந்தக் கணக்குக்கு ஒரு செய்தி அனுப்பினேன். 'யார் அது? விளையாட்டு போதும்.'

படித்தாயிற்று என்று காட்டியது.

'எழுதுகிறார்...'

டிங். மேஜை கம்ப்யூட்டர் முந்திக்கொண்டது.

டொய்ங். 'எழுதுகிறார்...' டிங்.

மேஜையின் கேபிளைப் பிடுங்கினேன். அவனே எழுதி முடிக்கட்டும்.

அமைதி.

4.31. 'எழுதுகிறார்...'

4.33. 'எழுதுகிறார்...'

ஒரு எழுத்துக்கு இவ்வளவு நேரமா?

4.36க்கு வந்தது.

'கத'

அவ்வளவுதான்.

அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "கதயா? என்ன கத?"

"எவனோ நம்மகிட்ட கத விடுறான்கா," என்றேன்.

மறுபடி 'எழுதுகிறார்...' என்று வந்தது. அதே நேரம் படிக்கட்டில் செருப்புச் சத்தம். மேனேஜர்.

"என்னப்பா, ஆச்சா? இல்ல நான் வேற ஆள் பாத்துக்கவா?"

அவர் என்னைப் பார்த்து இதைக் கேட்கவில்லை. அக்காவைப் பார்த்துக் கேட்டார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, பயமும் இருந்தது, இரண்டையும் சேர்த்து ஒரே சொடுக்கில் முடித்தேன். கேபிளைச் செருகினேன். அந்தக் கருவியைத் தடை செய்யும் பட்டனை அழுத்தினேன். மணி 4.41.

கட் ஆகவில்லை. 4.45. கட் ஆகவில்லை. 4.50. லைன் அப்படியே நின்றது. "பரவாயில்லையே," என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

4.53.

தட்.

மூன்றாம் அறையின் கதவு. உள்ளே இருந்து.

தட்... தட்...

அக்காதான் தைரியமாகப் போய்த் திறந்தார். யாரும் இல்லை. கதவின் உட்புறம் முழுக்க பனி படிந்திருந்தது.

ஒரு இடத்தில் மட்டும் இல்லை.

உள்ளங்கை அளவுக்கு.

அங்கிருந்து தண்ணீர் சொட்டியது.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஓடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஆபீசில் வேலை முடிந்த அறிக்கை எழுத உட்கார்ந்தேன். தடை செய்த கருவியின் எண்ணைப் போட வேண்டும். போட்டேன். மென்பொருள் அதை ஏற்கவில்லை. 'இந்தக் கருவி ஏற்கனவே தடை செய்யப்பட்டுள்ளது' என்றது. நேற்று நான் செய்ததைத்தான் சொல்கிறதாக்கும் என்று தேதியைப் பார்த்தேன். மூன்று வருடம், இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி. நேரம் மாலை 4.41. தடை செய்தவர் என்ற இடத்தில் இருந்தது என் பெயர்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் முதல் மாதம். யாரோ ஒரு ஆண் குரல் போனில். "மூணாம் ரூம் லைன் கட்டாகிட்டே இருக்கு, இன்னொரு மெஷின் உள்ள வருதாம், அதைத் தூக்குங்க." எந்த ஊர், எந்த இடம் என்றுகூடக் கேட்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே தூக்கினேன். இரண்டே நிமிஷம். என் மேலதிகாரி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து எனக்குப் பெயரும் வைத்தார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். அந்தத் தேதியைச் சொல்லி, அன்று அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அங்கே பத்து வருடமாக இருக்கும் ஃபோர்க்லிஃப்ட் டிரைவரிடம் போனைக் கொடுத்தார்.

அவர் தேதியை ஒரு முறை திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

"அன்னைக்குத்தான் சார் எங்க எடைக்காரர் உள்ள மாட்டிக்கிட்டாரு. பெட்டி எடை பாக்குறவரு. மூணு மணிக்கு உள்ள போனாரு. கதவு தானா மூடிக்கிச்சு, உள்பக்கப் பிடி உடைஞ்சு கெடந்துச்சு. அஞ்சு மணிக்கு கிளார்க் வீட்டுக்குப் போயிட்டான். காலைலதான் திறந்தோம். ஸ்கேனரைக் கையில புடிச்சபடியே..."

"எப்ப... எத்தனை மணிக்குன்னு..."

"ராத்திரி ஒம்பது பத்து வரைக்கும் உயிர் இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

4.41லிருந்து ஒன்பது வரை. மனசுக்குள் கணக்குப் போட்டேன், போட்டிருக்கக் கூடாது. அவர் அன்று ஒவ்வொரு முறையும் உள்ளே வந்து எழுத ஆரம்பித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் மேஜை அவரை வெளியே தள்ளியிருக்கிறது. அது பழுதே இல்லை. ஒரு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கத என்றால் கதை இல்லை. விரல் விறைத்துப்போய் எழுதி முடிக்க முடியாத கதவு.

என் மேஜையில் தலையை வைத்து அழுதேன். யார் பார்த்தார்கள் என்று தெரியாது.

3.15 ஆனது. அக்காவை மறுபடி கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "தடையை எடுக்கப் போறேன்கா. லைன் திரும்பக் கட்டாகும். அது உங்க தப்பில்ல, எங்க தப்புன்னு மேனேஜருக்கு எழுதிக் கொடுக்கிறேன். அப்பவும் உங்க வேலைக்கு..."

அவர் என்னை முடிக்க விடவில்லை. "எடுங்க தம்பி. பாவம்ல."

எடுத்தேன். தடை செய்த கருவி உள்ளே வரவே முடியாது, மூன்று வருடமாகத் தடையில் இருந்தது இரண்டு வாரமாக எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

3.22. போனில் கேட்டது. டொய்ங்.

"கட்டாயிடுச்சு," என்றார் அக்கா. நாற்காலி நகரும் சத்தம். செருப்பு. கதவின் இரும்புப் பிடி. உஸ்ஸ் என்று காற்று.

"வாங்க," என்று யாரிடமோ மெதுவாகச் சொன்னார்.

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா?"

"யாரும் இல்ல தம்பி... ஆனா ஸ்வெட்டர்ல யாரோ இடிச்சுட்டுப் போன மாதிரி இருந்துச்சு."

அன்றோடு கட் ஆவது நின்றது. அக்காவின் வேலையும் தப்பியது. இதற்குமேல் யோசிக்க வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

மாதக் கடைசியில் அக்கா போன் செய்தார். அவர்கள் வாசலில் வருகைப்பதிவு மெஷின் ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் வைத்தால்தான் எடுக்கும். வரும்போது ஒரு முறை, போகும்போது ஒரு முறை. மாதக் கணக்கு எடுத்தபோது ஒரு ஆளுக்கு மட்டும் இருபத்தேழாயிரத்துச் சொச்சம் மணி நேரம் வேலை என்று காட்டுகிறதாம். மெஷின் பழுது என்று மேனேஜர் கத்திக்கொண்டிருக்கிறாராம். என்னை வந்து பார்க்கச் சொல்கிறாராம்.

"யாருக்குக்கா?"

"எடைக்காரருக்கு. அவர் பேரை இத்தனை நாளும் அழிக்க முடியலையாம், உள்ள இருக்கிறவங்க பேரை அது அழிக்க விடாதாம். மூணு வருஷத்துக்கு முன்னாடி காலைல 8.04க்கு உள்ள வந்ததா விரல் வெச்சிருக்காரு தம்பி."

"வெளிய போனது?"

"நான் கதவத் திறந்தேன்ல, அந்தப் புதன்கிழமை. மத்தியானம் 3.26."