அம்மன் கூழும் ஒலி அலை சிகிச்சையும்

2016, ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. விழுப்புரத்தில் எங்கள் தெருவிலிருந்து வாடகைக் கார் கிளம்பியது. சென்னை நூற்று அறுபது கிலோமீட்டர். எனக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய். சுரப்பியைத் தாண்டவில்லை, ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது என்று ஸ்கேன் சொல்லியிருந்தது. மறுநாள் ஒலி அலைகளை ஒரே புள்ளியில் குவித்து அந்த இடத்தை மட்டும் சுட்டுவிடப் போகிறார்கள். கத்தி கிடையாது.

என் மனைவி அஞ்சலைக்கு இதில் உடன்பாடு இல்லை. சுரப்பியை மொத்தமாக எடுத்துவிட வேண்டும் என்பது அவள் கட்சி. அப்படி எடுத்தால் சிலருக்குச் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும், ஆண்மையும் போகலாம் என்று டாக்டர் சொன்ன நிமிடமே நான் எதிர்க்கட்சிக்குத் தாவிவிட்டேன்.

ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத ஆள் நான். முண்டியம்பாக்கத்தில் ஒருமுறை, விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி ஒருமுறை சிறுநீர் கழிக்க இறங்கினேன். மூன்றாவது முறை நிறுத்தச் சொன்னபோது டிரைவர் முருகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"சார், இப்பிடியே நின்னு நின்னு போய்க்கினு இருந்தா மெட்ராஸ் போறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்."

"எனக்கு மட்டும் ஆசையா? நிறுத்துப்பா."

எட்டரைக்குத் திண்டிவனம். அஞ்சலை பிறந்த தெருவில் அன்று மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். என் பேரில் வேண்டிக்கொண்டு அவளும் கேப்பை மாவு வாங்கிக் கொடுத்திருந்தாள். அவள் தம்பி ஏழுமலை ஒரு சொம்பு மொண்டு என்னிடம் நீட்டினான்.

"டாக்டரு ஆகாரம் கூடாதுன்னு சொல்லிக்கிறாரு. தண்ணி மாதிரி இருந்தாதான் குடிக்கலாமாம்," என்றேன்.

"கூழு என்னா சோறா மாமா? அம்மன் கூழப் போயி வேணாம்னு சொல்லலாமா?"

நியாயமாகத்தான் பட்டது. பசியும் இருந்தது. சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு சொம்பு குடித்தேன். முருங்கைக்கீரையையும் விடவில்லை.

திங்கள் காலை, சென்னை ஆஸ்பத்திரி. ஒலி அலைக் கருவியை ஆசனவாய் வழியாகத்தான் உள்ளே வைக்க வேண்டும், குடல் சுத்தமாக இருக்க வேண்டும். எனிமா கொடுத்துப் பார்த்தார்கள். கேப்பை போவதாக இல்லை.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் சாப்பிடல சார். கூழு மட்டும்தான்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நாளைக்குப் பார்க்கலாம்."

வந்த ஆத்திரமெல்லாம் அஞ்சலை மேல்தான் திரும்பியது. வராந்தாவில் மேலும் கீழும் நடந்தபடி, நர்சுகள் காதில் விழும்படி திட்டினேன். அவள் நேராக டாக்டரிடம் போனாள்.

"மிச்ச சுரப்பிய ஏன் சார் உள்ளயே உட்டு வெக்கிறீங்க? மறுபடி வந்தா?"

"வரலாம்மா. அதனாலதான் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன்னு விடாம பார்த்துக்கிட்டே இருப்போம். வந்தா திரும்பச் செய்யலாம், இல்லேன்னா ஆபரேஷன். வராதுன்னு என்னால எழுதிக் கொடுக்க முடியாது."

என்னிடமும் இதை முன்பே சொல்லியிருந்தார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

செவ்வாய் காலை மயக்க மருந்து கொடுத்தார்கள். விழித்தபோது உடம்பில் ஒரு தையல் இல்லை. சிறுநீர்க் குழாயும் பையும் மட்டும் தொங்கின.

வெள்ளிக்கிழமை திரும்பினோம். பை இருந்ததால் வழியில் எங்கும் இறங்க வேண்டியிருக்கவில்லை. முருகனுக்குப் பரம சந்தோஷம். திண்டிவனத்தில் அன்றும் கூழ் ஊற்றினார்கள், ஆடி வெள்ளி. அஞ்சலை மட்டும் கோயிலுக்குள் போய்விட்டு வந்தாள்.

"என்னா வேண்டிக்கின?" என்றேன்.

"அடுத்த ஆடிக்கும் நீங்க வந்து கூழு குடிக்கணும்னு."

"ஒரு வருசம்தானா? நூறு வயசு கேக்கறதுதானே?"

"டாக்டரே எழுதிக் குடுக்க மாட்டேன்றாரு. அம்மன மட்டும் எப்பிடிக் கேக்கறது? வருசா வருசம் வந்து கேட்டுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு சொம்பு குடித்த அவசரத்தில் அவள் குடித்தாளா என்று நான் பார்க்கவேயில்லை. வீட்டுக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருந்தது. கார்க் கதவைத் திறந்து, பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினேன். அவளுக்கு ஒரு சொம்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.